லட்சம் ஜி.பி.யு. வாங்கிய முதலாளிக்கு ஒரு கேபிள்காரனின் யோசனைகள்



ஏ.ஐ.யைப் பழக்க லட்சம் ஜி.பி.யு. சிப் வாங்கிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். கட்டடம் எழும்புகிறது, துணை மின்நிலையம் வருகிறது, குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் இறங்குகிறது. மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு நீங்கள் மண்வெட்டி பிடித்த படமும் பத்திரிகையில் வந்துவிட்டது. அந்த லட்சத்தையும் ஒன்றோடொன்று எதைக்கொண்டு இணைக்கப்போகிறீர்கள் என்பது மட்டும் செய்தியில் எங்கேயும் இல்லை. மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரம், வீடியோ எல்லாம் பேசி முடித்துவிட்டு முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் தாலிக்கொடியைத் தேடிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நீங்கள் கேட்காமலேயே எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. இருபது வருஷமாகக் கேபிள் இழுப்பவன். பொய்த்தரைக்கு அடியில், கூரைத் தட்டுக்கு மேலே, ரேக்கின் முதுகுக்குப் பின்னால் என்று யாரும் படம் எடுக்காத இடங்களிலேயே காலம் போய்விட்டது. ஏ.ஐ. எப்படி யோசிக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். அது எங்கே நின்றுபோகிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

முதலில் பழைய நினைப்பை விட்டுவிடுங்கள். பழைய தரவு மையம் ஓட்டல் மாதிரி. ஒருவர் இட்லி கேட்பார், ஒருவர் காபி கேட்பார். ஒரு மேசைக்குத் தாமதமானால் அந்த மேசைக்காரர் மட்டும் திட்டிவிட்டுப் போவார். ஏ.ஐ.யைப் பழக்குகிற இடம் கல்யாணப் பந்தி. உட்கார்ந்த எல்லோரும் சாப்பிட்டு முடித்தால்தான் இலை எடுக்கலாம், அடுத்த பந்தி உட்காரலாம். கடைசி இலையில் ஒரு மாமா பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு நிதானமாகப் பிசைந்துகொண்டிருந்தால், மீதி இருநூறு பேரும் கை காய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உங்கள் ஜி.பி.யு.க்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தன் பங்குக் கணக்கைப் போட்டுவிட்டு விடையை மற்றவற்றோடு சேர்த்துக் கூட்டவேண்டும். அந்தக் கூட்டல் முடிந்தால்தான் அடுத்த சுற்று. இப்படி லட்சக்கணக்கான சுற்று. வழியில் ஒரே ஒரு கம்பி மந்தமானால் மொத்தப் பந்தியும் காத்திருக்கும். காத்திருக்கும்போதும் அவை மின்சாரம் குடிக்கும், உங்கள் வங்கி வட்டியும் ஓடும்.

மெட்டா நிறுவனம் லாமா 3 என்ற ஏ.ஐ. மாதிரியைப் பழக்கிய கதையை 2024ல் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. 16,384 எச்100 ஜி.பி.யு.க்கள். 54 நாளில் எதிர்பாராமல் நின்றது 419 தடவை, அதாவது ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. பெரும்பழி ஜி.பி.யு. மேலும் அதன் நினைவகத்தின் மேலும்தான். ஆனால் 35 தடவை நெட்வொர்க் ஸ்விட்சோ கேபிளோ காரணம். பதினாறாயிரத்துக்கே இந்தக் கதி. உங்களிடம் லட்சம்.

இனி எண்ணத் தொடங்குங்கள். எண்ணாமல் விட்டவர்கள்தான் கடைசி மாதத்தில் எனக்குப் போன் போட்டு அழுகிறார்கள். கேபிள் செருக 64 துளை உள்ள ஸ்விட்சுகளை இரண்டு தட்டாக அடுக்கினால், நெரிசல் இல்லாமல் 2,048 ஜி.பி.யு.வைத்தான் சேர்க்கமுடியும். மூன்று தட்டு போட்டால் 65,536. உங்கள் லட்சத்துக்கு அதுவும் போதாது, துளை கூடுதலாக உள்ள ஸ்விட்ச் வேண்டும். இந்த அடுக்குக் கணக்கு புதிது இல்லை. பெல் ஆய்வகத்தில் சார்ல்ஸ் க்ளோ என்பவர் 1953ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகப் போட்டுவைத்தது. டெலிபோனுக்குப் பேச்சு, உங்களுக்கு எண்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

மூன்று தட்டு என்றால் ஒவ்வொரு ஜி.பி.யு.வின் பேருக்கும் மூன்று படி ஏற்றம். ஒவ்வொரு படிக்கும் ஒரு கேபிள். ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனை. ஒவ்வொரு முனையிலும் ஒரு டிரான்ஸீவர். மூவிரண்டு ஆறு.

இந்த டிரான்ஸீவர் உள்ளங்கையில் அடங்குகிற ஓர் உலோகத் துண்டு. ஒரு பக்கம் ஸ்விட்சில் செருகும். அந்தப் பக்கம் மின்சாரம். மறுபக்கம் கண்ணாடி இழை மாட்டும். அந்தப் பக்கம் ஒளி. உள்ளே லேசர் இருக்கிறது, வருகிற ஒளியைப் பிடிக்க ஒரு கண் இருக்கிறது, நடுவில் தேய்ந்து கலங்கி வந்த சமிக்ஞையைத் தூக்கி நிறுத்துகிற ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்தான் உள்ளே பெரிய தீனிப்பண்டாரம். முன்பெல்லாம் ஒளி இருக்கிறது, இல்லை என்று இரண்டே நிலை. இப்போது அதே நேரத்தில் இரண்டு மடங்கு அனுப்பவேண்டும் என்பதற்காக ஒளியை நாலு அளவில் பிரித்து அனுப்புகிறார்கள். நாலு அளவுக்கும் இடையில் இடைவெளி குறைவு, குழப்பம் அதிகம், அதைத் தெளியவைக்க மின்சாரம் அதிகம்.

2025 மார்ச்சில் அமெரிக்காவின் சான் ஓசே நகரத்தில் ஜி.பி.யு. செய்கிற என்விடியாவின் ஜி.டி.சி. மாநாடு நடந்தது. அந்தக் கம்பெனித் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் ஒரு டிரான்ஸீவரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த ஆறு கணக்கைத்தான் போட்டுக்காட்டினார். ஒன்றுக்கு 30 வாட், மொத்தமாக வாங்கினால் 1,000 டாலர். ஒரு ஜி.பி.யு.வுக்கு ஆறு, ஆகவே 180 வாட், 6,000 டாலர். அதைவிட எனக்குப் பிடித்தது இடையில் நடந்தது. அவர் கையிலிருந்த மஞ்சள் ஃபைபர் சிக்கிக்கொண்டது. உலகத்திலேயே அதிக மதிப்புள்ள கம்பெனிகளில் ஒன்றின் தலைவர், அரங்கம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, மொட்டைமாடியில் பட்டத்து நூலுக்குச் சிக்கெடுக்கும் பையன் மாதிரி நின்றார். என் வேலையை உலகம் பார்த்த ஒரே நாள் அதுதான்.

அவர் கணக்கை உங்கள் லட்சத்துக்குப் போடுங்கள். 6 லட்சம் டிரான்ஸீவர். 60 கோடி டாலர். நம் பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல். மின்சாரம் 18 மெகாவாட். 75 வாட் சீலிங் ஃபேன் 2,40,000 ஓடுகிற மின்சாரம் அது. உங்கள் ஏ.ஐ. மாதிரிக்கு அதில் ஒரு சொல்கூடக் கற்றுக்கொடுக்க முடியாது. மின்சாரத்தை ஒளியாக்கி, ஒளியை மறுபடி மின்சாரமாக்குகிற கூலி. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஹுவாங் மேடையேறியது டிரான்ஸீவரே வேண்டாத புது ஸ்விட்சை விற்க. வேறு சரக்கு விற்கிறவர் பழைய சரக்கின் கணக்கைச் செலவு கூடுகிற பக்கமாகத்தான் போடுவார். கீழ்ப்படியில் ஒளியை விட்டுவிட்டுத் தாமிரம் போட்டால் ஆறு நாலாகும்.

ஆகவே தாமிரத்தைக் கேவலமாகப் பேசாதீர்கள். அதற்கு லேசர் வேண்டாம், தூசிக்குப் பயப்படாது, விலை குறைவு, சும்மா கிடக்கும். 2024ல் என்விடியா அறிவித்த என்.வி.எல்.72 ரேக்கின் முதுகில் 5,000க்கும் மேற்பட்ட தாமிரக் கேபிள்கள் இருக்கின்றன. மொத்தமாக நீட்டினால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். அதையே ஒளியில் செய்திருந்தால் ஒரு ரேக்குக்கு 20 கிலோவாட் கூடுதலாகப் போயிருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். தாமிரத்தின் ஒரே குறை, அது அதிக தூரம் நடக்காது. ஒரு இணைக்கு நொடிக்கு 200 கிகாபிட் ஓட்டினால் ஒன்றிரண்டு மீட்டரில் மூச்சுவாங்கிவிடும். 72 ஜி.பி.யு.வையும் ஒரே அலமாரியில் நெருக்கியடித்து வைத்திருப்பது பாசத்தினால் என்று நினைத்தீர்களா? அந்த ஒன்றிரண்டு மீட்டருக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பதால்தான் 120 கிலோவாட் சூடும் ஒரே இடத்தில் குவிகிறது, காற்று போதாமல் தண்ணீர் கேட்கிறது. தரவு மையத்தின் உருவத்தையே கம்பியின் நீளம்தான் தீர்மானிக்கிறது, ஐயா. உங்கள் கட்டடக்கலைஞர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

ரேக்கை விட்டு வெளியே வந்தால் கண்ணாடிதான். அதிலும் அளந்து வாங்குங்கள். நூறு மீட்டருக்குள் என்றால் நீலப்பச்சை நிறக் கேபிள், மலிவான லேசர். ஐந்நூறு மீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்றால் மஞ்சள் கேபிள், விலை கூடின லேசர். எட்டு மீட்டர் தூரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் சரக்கை வாங்கி மாட்டியவர்களை எனக்குத் தெரியும். ஏன் என்றால், 'எதிர்காலத்துக்கு' என்பார்கள். அந்த எதிர்காலம் வருவதற்குள் அதற்கடுத்த மாடல் வந்துவிடும்.

ஒளிதான் வேகமாயிற்றே, தூரம் என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். கண்ணாடிக்குள் ஒளி ஒரு மீட்டர் போக 5 நானோநொடி எடுக்கிறது. நூறு மீட்டருக்கு 500. அதற்குள் உங்கள் ஜி.பி.யு.வின் கடிகாரம் ஏறக்குறைய ஆயிரம் தடவை துடித்துவிடும். விஸ்கான்சின் மாநிலத்தின் மவுண்ட் பிளசன்ட்டில் மைக்ரோசாஃப்ட் கட்டியிருக்கிற ஃபேர்வாட்டர் மையத்தில் கணினி ரேக்குகளை இரண்டு மாடியாக வைத்ததற்குக் காரணம் இதுதான். பக்கவாட்டில் போகிற கேபிளை நேரே மேலே விட்டால் தூரம் குறையும். ஊரில் நாலு கிரவுண்டில் பரப்பிக் கட்டாமல் மாடி எடுக்கிற புத்திதான், காரணம் மட்டும் வேறு. அப்படிச் சுருக்கியும் உள்ளே போட்ட ஃபைபர் பூமியை நாலரைச் சுற்று சுற்றுமாம், அவர்களே சொன்னது. அந்த நிலம் முதலில் ஃபாக்ஸ்கான் டி.வி. திரை செய்யப்போவதாகச் சொல்லி, பதின்மூவாயிரம் பேருக்கு வேலை என்று 2018ல் பூமிபூஜை போட்ட இடம். திரை வரவில்லை, கண்ணாடி நூல் வந்தது.

சாமான் பட்டியலுக்கு வருவோம். கேட்டவுடன் கிடைக்கும் என்று இருக்காதீர்கள். முதல் தட்டுப்பாடு லேசருக்கு. சிலிக்கான் எல்லா வேலையும் செய்யும், ஒளிரமட்டும் தெரியாது. அதற்கு இண்டியம் பாஸ்பைடு வேண்டும். சிலிக்கான் வட்டு 12 அங்குலம், நல்ல தோசைக்கல் அளவு. இண்டியம் பாஸ்பைடு வட்டு பெரும்பாலும் 3, 4 அங்குலம், இட்லித்தட்டின் ஒரு குழி. 6 அங்குலத்துக்கு இப்போதுதான் நகர்கிறார்கள். பந்திக்கு வந்த கூட்டம் முழுக்க ஒரே குழியில் இட்லி வேகவேண்டும் என்றால் எப்படி இருக்கும்? இதற்கு நடுவில் 2025 பிப்ரவரியில் சீனா, இண்டியம் பாஸ்பைடை வெளியே அனுப்ப உரிமம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. கேட்கிற அளவுக்குக் கொடுக்க முடியவில்லை என்று லேசர் செய்கிறவர்களே அந்த வருஷம் வாய்விட்டுச் சொன்னார்கள். வியாபாரி அப்படிச் சொன்னால் விலையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

அடுத்தது இழை. மணலிலிருந்து வருவதுதானே என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். சார்ல்ஸ் காவோ 1966ல் இங்கிலாந்தில் இருந்துகொண்டு, கண்ணாடியைச் சுத்தம் செய்தால் ஒளி கிலோமீட்டர் கணக்கில் போகும் என்று எழுதினார். அப்போது இருந்த கண்ணாடியில் சில மீட்டரிலேயே ஒளி செத்துப்போகும். நாலு வருஷம் கழித்து கார்னிங் கம்பெனியின் மூன்று பேர் அதைச் செய்தும் காட்டினார்கள். காவோவுக்கு நோபல் வர 2009 ஆயிற்று. இன்றைக்கு அந்தச் சுத்தத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். 2024 ஆகஸ்டில் லூமன் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு கம்பெனி, கார்னிங்கின் உலக உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கை இரண்டு வருஷத்துக்குத் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்டது. 2026 ஜனவரியில் மெட்டா 600 கோடி டாலர் வரைக்கும் ஒப்பந்தம் போட்டது. விளைச்சலுக்கு முன்னாலேயே தோப்பைக் குத்தகை பேசுகிற மாதிரி. நீங்கள் இப்போதுதான் விலைப்பட்டியல் கேட்டு மின்னஞ்சல் எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, பதில் வரும்.

சரி, எல்லாம் வந்துவிட்டது, மாட்டவேண்டும். என் உண்மையான யோசனை இங்கேதான் ஆரம்பம். முதலாளிகள் பொதுவாக இந்த இடத்தில் கடிதத்தை மூடிவிட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

துடையுங்கள்.

ஒளி போகிற பாதை, அந்த மஞ்சள் கேபிளின் நடுவில், 9 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு இருக்கும். உங்கள் சட்டையிலிருந்து விழுகிற ஒரு நூல்தூசி அதற்குக் குறுக்கே விழுந்தால், வாசலில் ஆலமரம் சாய்ந்த மாதிரி. முன்பெல்லாம் ஒரு கனெக்டரில் ஓர் இழை இருக்கும். இப்போது 12, 16 இழைகளை ஒரே வரிசையில் வைத்த கனெக்டர். அரிசி மணி நீளத்துக்குள் பதினாறு வாசல். ஒன்றில் தூசி இருந்தாலும் அந்தத் தடம் போச்சு. அழுத்தி மாட்டினால் அந்தத் தூசி எதிர்க் கண்ணாடியையும் கீறிவைக்கும்.

சிறுசேரிப் பக்கம் ஒரு தரவு மையம். பெயர் வேண்டாம், அடுத்த ஒப்பந்தத்தையும் அவர்களிடம்தான் கேட்கவேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் போன். லிங்க் விழுகிறது, எழுகிறது, மறுபடியும் விழுகிறது. நான் போய்ச் சேர்வதற்குள் டிரான்ஸீவரை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். ஸ்விட்சை ரீபூட் செய்திருந்தார்கள். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் திரையில் தலையாட்டிக்கொண்டிருந்தார். கேபிளைக் கழற்றி முனையைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அது அவர்கள் வேலை இல்லை, என் வேலை. பையிலிருந்து ஸ்கோப்பை எடுத்து முனையில் வைத்தேன். திரையில் பௌர்ணமி நிலா மாதிரி ஒரு வட்டம் வரும், நடுவில் சின்னதாக ஒரு புள்ளி. அதுதான் ஒளியின் வாசல். அன்றைக்கு நிலாவின் மேல் அலையலையாக எண்ணெய் படர்ந்திருந்தது.

"இதுல என்ன தம்பி தெரியுது?" என்றார் மேலாளர்.

"விரல் ரேகை தெரியுது சார்."

யாரோ மூடியைக் கழற்றிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று ஆள்காட்டி விரலால் ஆசையாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பேனா மாதிரி ஒரு துடைப்பான் உண்டு. முனையில் வைத்து அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். உள்ளே இருக்கிற நாடா ஒருமுறை நகர்ந்து துடைத்துவிடும். டிக். மறுபடி ஸ்கோப். இன்னொரு டிக். நிலா சுத்தம். மாட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது. நிபுணர் திரையில் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார். படம் உறைந்துபோயிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஆகவே, வேட்டி நுனியால் துடைக்கவேண்டாம். சட்டைக் கையால் வேண்டாம். முக்கியமாக, வாயால் ஊதவேண்டாம். கேரம் போர்டில் பவுடரை ஊதுகிற பழக்கம் நம் ரத்தத்தில் இருக்கிறது, ஆனால் ஊதினால் தூசியோடு எச்சிலும் சேரும். பையிலிருந்து புதிதாக எடுத்த கேபிள் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பவேண்டாம். மூடிக்கு உள்ளேயே தூசி இருக்கும். பார்த்துவிட்டு மாட்டுங்கள், கழற்றினால் மறுபடி பாருங்கள். ஒளி வருகிறதா என்று கேபிளுக்குள் கண்ணை வைத்தும் பார்க்கவேண்டாம். அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, கண்ணைமட்டும் பதம்பார்க்கும். கனெக்டர் பச்சை நிறமாக இருந்தால் அதன் முனை 8 பாகை சாய்த்து வெட்டப்பட்டது. அதை நீலத்தோடு மாட்டினால் பொருந்தும் போலத்தான் இருக்கும், பொருந்தாது. இந்த வகை சம்பந்தம் எங்கள் சொந்தத்திலும் ஒன்று உண்டு.

மடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒளி நேர்கோட்டில்தான் போகும் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதை நம்பாமல் வளர்ந்தவர் பஞ்சாபிலிருந்து போன நரீந்தர் சிங் கபானி. 1954ல் லண்டனில் இழைக் கட்டு வழியாகப் படத்தையே வளைத்துக் கொண்டுவந்து காட்டினார். வளையும் என்று அவர் நிரூபித்தார் என்பதற்காக ரேக் கதவில் வைத்து நசுக்கக் கூடாது. சாதாரண இழை மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்குள் மடங்கினால் ஒளி வெளியே கசியும். கசிகிறது என்று சத்தம் போடாது, பந்தியில் ஒரு மாமா கூடுவார், அவ்வளவுதான்.

இவ்வளவு தொல்லை எதற்கு, அந்த டிரான்ஸீவரையே ஒழித்துவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஹுவாங் விற்க வந்த சரக்கு அதுதான். லேசர் தவிர மற்ற ஒளிச் சமாசாரம் முழுவதையும் ஸ்விட்ச் சிப்புக்குப் பக்கத்திலேயே, ஒரே தட்டில் வைத்துவிடுவது. சிப் செய்கிற பிராட்காமும் இதே வழியில் முன்னாலேயே இறங்கியிருக்கிறது. மின்சாரம் சிப்பிலிருந்து முகப்பு வரைக்கும் போய் இளைத்துப்போவதில்லை, ஆகவே அதைத் தூக்கி நிறுத்துகிற சிப்பும் வேண்டாம். மூன்றரை மடங்கு மின்சிக்கனம் என்கிறார்கள். லேசருக்குச் சூடு ஆகாது என்பதால் அதைமட்டும் தனியாகக் கழற்றி மாட்டும்படி வெளியே வைத்திருக்கிறார்கள், புத்திசாலித்தனம். என் கருத்தைக் கேட்டால், மின்கட்டணம் கட்டுகிறவருக்கு இது நல்லது, ராத்திரி இரண்டு மணிக்குப் போகிறவனுக்குச் சந்தேகம்தான். டிரான்ஸீவர் செத்தால் இரண்டு விரலால் உருவிப் போட்டுவிட்டு இன்னொன்றைச் செருகுவேன். ஒட்டிப்பிறந்த ஒளி செத்தால் மொத்த ஸ்விட்சையும் இறக்கவேண்டும். வாங்குங்கள், ஆனால் உபரி ஸ்விட்ச் எங்கே வைத்திருக்கிறார்கள், எத்தனை மணி நேரத்தில் வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கூகுள் வேறு வழி பார்த்தது. மேல்தட்டில் மின்சார ஸ்விட்சை எடுத்துவிட்டு, முகம்பார்க்கும் வகைக் குட்டிக் குட்டிக் கண்ணாடிகளை வைத்தார்கள். ஒளி வரும், கண்ணாடி லேசாகச் சாயும், ஒளி வேறு இழைக்குத் திரும்பும். எங்கேயும் மின்சாரமாக மாறவேண்டியதில்லை. நாளைக்கு வேகம் இரட்டிப்பானாலும் கண்ணாடிக்குக் கவலை இல்லை. அவர்களுடைய சொந்த ஏ.ஐ. சிப்பான டி.பி.யு.வில், 4,096 சிப் கொண்ட நாலாம் தலைமுறைத் தொகுதிக்கு இப்படி 48 பெட்டிகள். தீபாராதனை வெளிச்சம் கடைசி வரிசைவரைக்கும் விழ அர்ச்சகர் கண்ணாடி பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணாடி திரும்ப நேரம் ஆகும், ஆகவே யார் யாரோடு பேசப்போகிறார்கள் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். கூகுளுக்குத் தெரியும், ஏனென்றால் சிப்பும் அவர்களுடையது, மென்பொருளும் அவர்களுடையது. உங்களுக்குத் தெரியுமா என்று உங்கள் ஆட்களைக் கேளுங்கள். பதிலுக்கு அவர்கள் ஒரு படக்காட்சி போட்டுக்காட்டினால், தெரியாது என்று அர்த்தம்.

ஒரே ஊரில் மின்சாரம் போதவில்லை என்றால் இரண்டு ஊரில் கட்டி, நடுவில் ஒளியைப் பாய்ச்சலாம். மைக்ரோசாஃப்ட் விஸ்கான்சினையும் அட்லாண்டாவையும் அப்படிக் கோக்கிறது. உள்ளே கண்ணாடிக்குப் பதில் காற்று இருக்கிற, புல்லாங்குழல் மாதிரிப் பொள்ளலான இழையையும் அவர்கள் 2022லேயே லூமெனிசிட்டி என்ற கம்பெனியோடு சேர்த்து வாங்கிவிட்டார்கள். அதில் ஒளி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம். உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கடைசியாகப் பணத்தைப் பற்றி. என் தொழிலில் மூத்தவர்கள் 2000ஆம் வருஷத்துக் கதையைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். அப்போதும் இதே மாதிரி, இன்டர்நெட் போக்குவரத்து நூறு நாளுக்கு ஒரு தரம் இரட்டிப்பாகிறது என்று ஒரு பேச்சு. கண்டத்துக்குக் கண்டம் ஃபைபர் போட்டார்கள். நூறு டாலரைத் தாண்டிய கார்னிங் பங்கு 2002ல் ஒன்றரை டாலருக்கும் கீழே வந்தது. கடலடிக் கேபிள் போட்ட குளோபல் கிராஸிங் அதே வருஷம் ஜனவரியில் திவால். டைகோ பல நூறு கோடி டாலர் கொட்டிக் கடலுக்கடியில் போட்ட வலையை நம் வி.எஸ்.என்.எல். 2005ல் 13 கோடி டாலருக்கு எடுத்தது. அப்படிச் சல்லிசாகக் கிடைத்த கடலடி ஃபைபரில்தான் பழைய மகாபலிபுரம் சாலையின் கால் சென்டர்கள் பாதி ராத்திரியில் அமெரிக்காவோடு பேசின. போட்டவர் கெட்டார், எடுத்தவர் பிழைத்தார். ஆனால் தரையில் புதைத்த இழை இருபது வருஷம் கழித்தும் ஒளியைக் கடத்தும். உங்கள் டிரான்ஸீவருக்கும் ஜி.பி.யு.வுக்கும் அந்த ஆயுசு கிடையாது. ஆகவே கடன் வாங்கி எதில் போடுகிறீர்கள் என்பதை உங்கள் ஆடிட்டரோடு ஒருதரம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் மஞ்சள் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளாதவராக இருந்தால் நல்லது.

வேலை ஆரம்பிக்கிற அன்றைக்கு நான் வந்துவிடுகிறேன். எனக்கு ஸ்கோப் இருக்கிறது, துடைப்பான் நீங்கள் வாங்கிவைக்க வேண்டும், பெட்டி பெட்டியாக. இன்னொன்று. 6 லட்சம் டிரான்ஸீவருக்கும் ஆளுக்கொரு மூடி, 3 லட்சம் கேபிளின் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு மூடி. மொத்தம் 12 லட்சம் பிளாஸ்டிக் மூடி தரையில் விழும். அவற்றை எங்கே போடுவது என்று இதுவரை நான் பார்த்த எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை. கோணிச்சாக்கு நிறைய எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.